தொண்டை வலி போய்விட்டது, பிறகு எதற்கு 10 நாள் மாத்திரை?

கேள்வி இது: "பையனுக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும். சோதித்துப் பார்த்துவிட்டு ஸ்ட்ரெப் தொற்று என்று 10 நாளுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே துள்ளிக் குதிக்க ஆரம்பித்துவிட்டான். மீதி மாத்திரை எதற்கு? ஒரு தொண்டைக் கிருமியைப் போய்ப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்கிறார்களே, கொஞ்சம் மிகையாக இல்லையா?"

மூன்றாம் நாளே சரியானதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. மாத்திரையே கொடுக்காமல் விட்டிருந்தாலும் ஒரு வாரத்தில் பெரும்பாலும் தானாகவே அடங்கியிருக்கும். மாத்திரையால் தொண்டை வலி அடங்குவது ஒரு நாள் போல முந்துகிறது, அவ்வளவுதான். அந்த மருந்து முக்கியமாகத் தொண்டைக்காகக் கொடுக்கப்படுவதில்லை, இதயத்துக்காக. இதைச் சொல்லாமல் சீட்டை மட்டும் நீட்டுவதால்தான் பாதி வீடுகளில் மாத்திரை அட்டை பாதியோடு நிற்கிறது.

முதலில் கிருமியைப் பார்த்துவிடலாம். நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பல வருடம் இருந்தவன், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். தொண்டையில் பஞ்சுக் குச்சியை விட்டு இரண்டு டான்சில்களையும் பின்சுவரையும் தேய்த்து எடுக்க வேண்டும். குழந்தை ஓங்கரிக்கும், கையைத் தட்டிவிடும். பாவம் பார்த்து நாக்கை மட்டும் தொட்டு எடுத்து வந்தால் அந்த மாதிரி ஒன்றுக்கும் உதவாது. ஆட்டு ரத்தம் கலந்த சிவப்பு அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டு) அதைத் தேய்த்து, உடல் சூட்டில் ஓர் இரவு வைப்போம். காலையில் தட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், குண்டூசி முனை அளவுக்குச் சாம்பல் நிறப் புள்ளிகள். புள்ளி சின்னது, ஆனால் அதைச் சுற்றி அகலமான ஒரு வட்டத்தில் சிவப்பே இருக்காது, கண்ணாடிபோல மறுபக்கம் தெரியும். அந்த வட்டத்துக்குள் இருந்த ரத்தச் சிவப்பணுக்களைக் கிருமி மொத்தமாக உடைத்துவிட்டது என்று பொருள். அதே வேலையை அது நம் உடம்பிலும் செய்யக்கூடியது.

ஸ்ட்ரெப் என்பது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்பதன் சுருக்கம். அந்தப் பெயரை 1874இல் வைத்தவர் வியன்னாவின் அறுவை மருத்துவர் தியோடோர் பில்ரோத். முறுக்கிய மணிச்சரம் என்பதுபோலப் பொருள் தரும் கிரேக்கச் சொற்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் சரம் சரமாகத்தான் தெரியும். இந்தக் குடும்பத்தில் உருப்படிகள் நிறைய, அவற்றில் பல நம் வாயிலும் குடலிலும் சும்மா குடியிருப்பவை. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வேலை செய்த ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட், 1933இல் இவற்றைச் செல் சுவரில் உள்ள சர்க்கரைப் பொருளை வைத்து ஏ, பி, சி என்று பிரித்தார். உங்கள் பையனின் தொண்டையில் இருந்தது ஏ பிரிவு. பிறந்த குழந்தையைத் தாக்குவது பி பிரிவு. இந்த எழுத்து வரிசைக்குள் வராமல் தனியாக நிற்கும் நிமோகாக்கஸ் இன்னொன்று. நிமோனியாவுக்கும் ஒரு வகை மூளைக்காய்ச்சலுக்கும் அது காரணம்.

பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று ஏன் சொல்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். ஏ பிரிவு செய்யும் சேதம் அதன் பெயரில் பதிவாவதே இல்லை. தொண்டையில் வந்தது போய்விடுகிறது. அது விட்டுச்சென்ற சேதம் சில வருடம் கழித்து இதயப் பிரிவில், இன்னொன்று சிறுநீரகப் பிரிவில், வேறொன்று பிரசவ அறையில் எழுதப்படுகிறது. இறப்புச் சான்றிதழில் 'இதயச் செயலிழப்பு' என்று இருக்கும், ஸ்ட்ரெப் என்று இருக்காது. சிதறிய இந்தக் கணக்குகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்த ஒரு மதிப்பீடு 2005இல் வெளியானது. உலகில் வருடத்துக்குச் சுமார் 60 கோடிப் பேருக்கு ஏ பிரிவு தொண்டைத் தொற்று வருகிறது, இந்த ஒரே கிருமியின் கடும் நோய்களால் வருடத்துக்கு 5 லட்சத்துக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்றது அது. அந்த 5 லட்சத்தில் பெரும்பங்கு ருமாட்டிக் இதய நோய்.

அந்த நோய் வரும் வழி விசித்திரமானது. தொண்டை வலி வந்து போய் இரண்டு மூன்று வாரம் ஆன பிறகு, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும், முழங்கால் வீங்கும். இரண்டு நாளில் அது சரியாகிக் கணுக்கால் வீங்கும், அப்புறம் மணிக்கட்டு. வலி மூட்டு மூட்டாகத் தாவிக்கொண்டே போகும். சில குழந்தைகளுக்குக் கையும் முகமும் தானாகத் துடிக்கும், எழுத்து கோணும், டம்ளர் கைநழுவும். குறும்பு செய்கிறது என்று திட்டு வாங்கும் குழந்தைகளும் உண்டு. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். இந்த நேரத்தில் தொண்டையில் தேடினால் பெரும்பாலும் கிருமி கிடைக்காது. கிருமியின் மேற்பரப்பில் எம் புரதம் என்று ஒன்று இருக்கிறது. அதன் சில பகுதிகள் நம் இதயத்தின் புரதங்களைப் போலவே இருக்கின்றன. கிருமியை அடிக்கப் பழகிய நோய் எதிர்ப்பு மண்டலம், ஆள் மாறி இதயத்தை அடிக்கிறது. ருமாட்டிக் காய்ச்சல் மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும் என்று மருத்துவ மாணவர்களுக்கு ஒரு பழைய வாசகம் சொல்லித் தருவார்கள். மூட்டு வலி சுவடே இல்லாமல் மறைந்துவிடும். கடிபட்ட வால்வு அப்படி ஆறுவதில்லை.

பெரும்பாலும் அடிபடுவது மைட்ரல் வால்வு, அதாவது இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள கதவு. அது தடித்து, ஓரங்கள் ஒட்டிக்கொண்டு, வருடக்கணக்கில் சிறுகச் சிறுகச் சுருங்கும். ஓடியாடும் வயதில் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இருபத்து மூன்று இருபத்து நான்கு வயதில் கருவுறும்போது உடம்பில் ரத்தத்தின் அளவு ஏறத்தாழப் பாதி மடங்கு கூடுகிறது. அவ்வளவு ரத்தத்தையும் அந்தக் குறுகிய கதவு விடாது, நுரையீரலில் நீர் தேங்குகிறது. ஆறாம் ஏழாம் மாதத்தில் இரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குகிறாள், கர்ப்பம்தானே என்று வீட்டில் சொல்கிறார்கள். எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை, எடுத்துப் பார்க்கும்போதுதான் வால்வு தெரிகிறது. சின்ன வயதில் தொண்டை வலி வந்ததா என்று கேட்டால் அவளுக்கு நினைவு இருக்காது. யாருக்குத்தான் இருக்கும்?

இன்றைக்கு உலகில் சுமார் 5.5 கோடிப் பேர் இந்த இதய நோயோடு வாழ்கிறார்கள், வருடத்துக்கு ஏறக்குறைய 3.6 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் மதிப்பீடு. 2018 மே மாதம் உலக சுகாதாரச் சபை இதற்கென்றே ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பணக்கார நாடுகளில் இந்த நோய் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. பென்சிலின் வருவதற்கு முன்பே அங்கே குறையத் தொடங்கிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். ஓர் அறையில் ஏழு பேர் படுப்பது குறைந்ததும், மருத்துவரிடம் போவது எளிதானதும் பாதி வேலையைச் செய்தன. பணக்கார நாடே ஆனாலும் நெருக்கியடித்து வாழும் மக்களிடம் நோய் அப்படியே இருக்கிறது. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களும் நியூசிலாந்தின் மாவோரி மக்களும் அதற்கு உதாரணம். என்னைக் கேட்டால், ஒரு நாட்டின் வீட்டு வசதியை எக்கோ கருவியால் அளக்கலாம் என்பேன்.

சரி, மாத்திரை விஷயம். தொண்டைக்கு மருந்து கொடுத்தால் இதயம் தப்பும் என்பதற்கு ஆதாரம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் வாரன் என்ற ராணுவ முகாம். இளம் வீரர்களை நெருக்கமாகத் தங்கவைத்தால் ஸ்ட்ரெப் தொண்டை அலை அலையாக வரும். 1940களின் கடைசியில் அங்கே சில மருத்துவர்கள் ஒரு பகுதியினருக்குப் பென்சிலின் கொடுத்து, மற்றவர்களுக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டார்கள். 1950இல் முடிவு வெளியானது. மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்தது, பெற்றவர்களிடம் அது ஏறக்குறைய இல்லாமலே போனது. இன்றைய நெறிமுறைகளில் அப்படி ஒரு கூட்டத்துக்கு மருந்து கொடுக்காமல் விட அனுமதி கிடைக்காது, அது வேறு விஷயம். தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் மருந்து ஆரம்பித்தால்கூட இதயத்தைக் காப்பாற்ற முடியும் என்ற நல்ல செய்தியும் அந்தக் கால ஆய்வுகளிலிருந்து வந்ததுதான். சோதனை முடிவுக்காக ஓரிரு நாள் காத்திருந்தால் குடி முழுகிவிடாது.

10 நாள் என்பது ஏன்? மருந்து தொடங்கியதும் காய்ச்சல் இறங்கும், 24 மணி நேரத்தில் மற்றவருக்குத் தொற்றுவதும் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் தொண்டையின் மடிப்புகளில் கிருமி மிச்சம் இருக்கும். அது இருக்கும்வரை எதிர்ப்பு மண்டலத்தைச் சீண்டிக்கொண்டே இருக்கும். அதை முழுக்கத் துடைக்கத்தான் 10 நாள். ருமாட்டிக் காய்ச்சல் மிக அரிதாகிவிட்ட சில நாடுகளில் 5 நாள் போதும் என்கிறார்கள், அங்கே அது நியாயம்தான். நோய் இன்னும் உள்ள இடங்களில் அந்தத் துணிச்சல் வேண்டாம். மாத்திரையை ஒழுங்காக விழுங்க மாட்டார்கள் என்ற சந்தேகம் இருந்தால் பென்சத்தீன் பென்சிலின் ஊசி ஒன்றே போதும். இடுப்புச் சதையில் போட்டால் இரண்டு நாள் வலிக்கும், ஆனால் வேலை முடிந்தது.

ஒரு தடவை ருமாட்டிக் காய்ச்சல் வந்துவிட்டால் கதை நீளும். மறுபடி தொண்டைத் தொற்று வரும்போதெல்லாம் வால்வு மறுபடி கடிபடலாம் என்பதால், மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை அதே ஊசியைப் பல வருடம், சிலருக்கு நாற்பது வயதுவரைகூடப் போட வேண்டியிருக்கிறது. ஊசி மலிவானதுதான். சிக்கல், நோயே தெரியாமல் நன்றாக இருக்கும் பதின்வயதுப் பிள்ளையை மாதாமாதம் வலிக்கும் ஊசிக்கு வரவைப்பதில் இருக்கிறது. ஊசி தேதியை ஒரு ஏட்டில் எழுதிவைத்து, வராதவர் வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஒருவர் இருக்கும் இடத்தில் இந்தத் திட்டம் ஓடுகிறது. அந்த ஒருவர் மாற்றலாகிப் போனால் படுத்துவிடுகிறது. பலன் உண்டா என்றால் உண்டு. உகாண்டாவில் 800க்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. எக்கோவில் மட்டுமே தெரிந்த ஆரம்ப நிலை வால்வு நோய், இரண்டு வருடத்தில் ஊசி போடாதவர்களில் 100க்கு 8 பேருக்கு முற்றியது, போட்டவர்களில் 100க்கு ஒருவருக்கும் குறைவு. மருந்துக் கம்பெனிகளுக்கு லாபம் இல்லாத பழைய மருந்து என்பதால், ஒரு சில ஆலைகளே இதைத் தயாரிக்கின்றன. அவற்றில் ஒன்று தும்மினாலும் பல நாடுகளில் கையிருப்பு தீர்ந்துபோகிறது. எனக்கு இதில்தான் கோபம் வரும்.

தோல் வழியாக வருவது இன்னொரு பாதை. சிரங்கு உண்ணி தோலைக் குடையும், குழந்தை சொறியும், சொறிந்த இடத்தில் ஸ்ட்ரெப் புகுந்து தேன் நிறப் பொருக்கோடு புண் வைக்கும். மூன்று முதல் ஆறு வாரம் கழித்துக் காலையில் முகம் வீங்கியிருக்கும், சிறுநீர் கறுத்துப் போகும். சிறுநீரக அழற்சி. குழந்தைகளில் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள், சிலருக்குச் சிறுநீரகத்தில் வடு தங்கும். ஃபிஜித் தீவுகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஐவர்மெக்டின் என்ற சிரங்கு மருந்தை நோய் உள்ளவர், இல்லாதவர் என்று பார்க்காமல் ஊர் முழுக்கக் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துச் சிரங்கு 32 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்கு இறங்கியது. பாக்டீரியாவுக்கு என்று எதுவுமே கொடுக்கவில்லை, ஆனால் தோல் புண்ணும் 25 சதவீதத்திலிருந்து 8க்கு வந்தது. கிருமியைத் துரத்தாமல் அது நுழையும் வாசலை அடைத்தார்கள். இவ்வளவு அழகான ஆய்வு அபூர்வம்.

செய்தித்தாளில் அடிபடும் 'சதை தின்னும் பாக்டீரியா' இதே ஏ பிரிவு. தோலுக்கும் தசைக்கும் நடுவே உள்ள உறை வழியாக மணிக்கு மணி பரவும். ஆரம்பத்தில் ஏமாற்றும். மேலே பார்த்தால் லேசான சிவப்புதான் இருக்கும், ஆனால் நோயாளி வலியில் துடிப்பார். கண்ணுக்குத் தெரிவதற்குச் சற்றும் பொருந்தாத வலி, அதுதான் அடையாளம். அழுகிய பகுதியை உடனே வெட்டி எடுக்காமல் மருந்தால் மட்டும் மீட்க முடியாது. கிருமியின் நஞ்சு ரத்தத்தில் கலந்து ரத்த அழுத்தம் சரிந்து உறுப்புகள் வரிசையாக நிற்பதை ஸ்ட்ரெப் நச்சு அதிர்ச்சி என்பார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தும் 10 பேரில் 3 பேருக்கு மேல் இறக்கும் நோய் அது. ஜப்பானில் இது 2023இல் 941 பேருக்கு வந்தது. அதுவே அதுவரை இல்லாத உச்சம், ஆனால் 2024இல் ஜூன் தொடக்கத்திலேயே அந்த எண்ணிக்கை தாண்டிவிட்டது. ஐரோப்பாவிலும் 2022 டிசம்பரில் இப்படி ஓர் அலை எழுந்தது. கொரோனா கட்டுப்பாடுகளின்போது குழந்தைகள் இந்தக் கிருமியைச் சந்திக்காமல் இருந்ததும், நஞ்சை அதிகம் சுரக்கும் ஒரு புதிய வகை பரவியதும் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

பிரசவ அறையில் இந்தக் கிருமிக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1847இல் வியன்னா மருத்துவமனையில், பிணப் பரிசோதனை முடித்து நேரே பிரசவம் பார்க்க வந்த மாணவர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார் அங்கே மருத்துவராக இருந்த செம்மல்வைஸ். ஏப்ரலில் நூற்றுக்கு 18ஆக இருந்த தாய்மார் இறப்பு ஜூனில் 2 அளவுக்கு வந்தது. அவர் யாரையும் நம்பவைக்க முடியாமல் போனது வேறு சோகம். அந்தத் தாய்மாரைக் கொன்ற பிரசவக் காய்ச்சலின் முக்கியக் காரணம் ஸ்ட்ரெப். 1879இல் பாரிஸ் மருத்துவக் கழகத்தில் பாஸ்டர் கரும்பலகையில் மணிச்சரத்தை வரைந்து, இதுதான் அது என்று காட்டினார்.

இப்போது பிரசவ அறையில் அதிகம் பயப்படுவது பி பிரிவுக்கு. உலகில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு கர்ப்பிணியின் பிறப்புறுப்பிலோ குடலிலோ இது சாதுவாக இருக்கிறது. அவருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் பிறக்கும் வழியில் குழந்தை அதை வாங்கிக்கொள்கிறது, அவற்றில் நூற்றுக்கு ஒன்றிரண்டுக்கு ரத்தத்தில் ஏறுகிறது. 2021இல் வந்த மதிப்பீட்டின்படி வருடத்துக்குச் சுமார் 90 ஆயிரம் சிசுக்கள் இறக்கின்றன, இன்னும் 46 ஆயிரம் இறந்தே பிறக்கின்றன. 36, 37 வாரத்தில் ஒரு குச்சிச் சோதனை செய்து, கிருமி இருந்தால் பிரசவ வலி எடுத்ததும் நரம்பு வழியே பென்சிலின் ஏற்றினால் முதல் வாரத்து நோயைப் பெரிதும் தடுக்கலாம். அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் ஆயிரம் பிறப்புக்கு 1.7 அளவில் இருந்தது இப்படித்தான் கால்வாசிக்கும் கீழே இறங்கியது. பிரசவம் மருத்துவமனைக்கே வராத இடங்களில் இந்த முறை எடுபடாது. அதனால்தான் கர்ப்பிணிக்குப் போடும் ஒரு தடுப்பூசிக்காகக் காத்திருக்கிறார்கள். நிமோகாக்கஸுக்குக் குழந்தைகளுக்கான தடுப்பூசி வந்து கால் நூற்றாண்டு ஆகிறது, அந்தக் கிருமியால் வரும் குழந்தை இறப்பைக் குறைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அப்படியானால் ஏ பிரிவுக்கு ஏன் இன்னும் தடுப்பூசி இல்லை? எம் புரதத்தில் 200க்கு மேற்பட்ட வகைகள். ஒன்றுக்கு எதிர்ப்பு வந்தால் பெரும்பாலும் மற்றதற்கு உதவாது. அதைவிடப் பெரிய தடை பயம். 1960களில் எம் புரதத்தை வைத்து ஒரு தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தபோது சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சலே வந்தது. தடுப்பூசியால்தான் வந்தது என்று உறுதியாக நிரூபிக்கப்படவில்லை, ஆனாலும் 1979இல் அமெரிக்கா இத்தகைய தயாரிப்புகளுக்குக் கதவைச் சாத்தியது. திறக்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. ஒரு தலைமுறை ஆராய்ச்சி அதில் போனது.

ஒரே ஆறுதல், எண்பது வருடம் பயன்படுத்திய பிறகும் ஏ பிரிவுக் கிருமி பென்சிலினுக்கு அசைந்து கொடுக்காமல் நிற்கக் கற்றுக்கொள்ளவில்லை. இது பாக்டீரியா உலகில் அபூர்வம். அசித்ரோமைசின் வகை மருந்துகளுக்கு எதிர்ப்பு பல இடங்களில் வந்துவிட்டது. ஆகவே பென்சிலின் ஒவ்வாமை உண்மையாகவே இருந்தால் தவிர, 'மூணு நாள் மாத்திரை போதும்' என்று கேட்டு அதை வாங்காதீர்கள்.

எல்லாத் தொண்டை வலிக்கும் இந்த மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூக்கு ஒழுகல், இருமல், குரல் கட்டல் இருந்தால் பெரும்பாலும் வைரஸ்தான், ஆன்டிபயாட்டிக் வீண். குழந்தைகளின் தொண்டை வலியில் நூற்றுக்கு இருபது முப்பதுதான் ஸ்ட்ரெப், பெரியவர்களிடம் இன்னும் குறைவு. திடீர்க் காய்ச்சல், இருமலே இல்லாமை, டான்சிலில் வெள்ளைத் திட்டு, தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கும் கட்டி, இவை சேர்ந்து வந்தால் சோதனை செய்வது நல்லது. பத்து நிமிடத்தில் முடிவு சொல்லும் சோதனையே இருக்கிறது. ஒரு சிக்கலும் உண்டு. எந்தத் தொல்லையும் இல்லாத பள்ளிக் குழந்தைகளில் பத்தில் ஒன்றின் தொண்டையில் இந்தக் கிருமி சும்மா உட்கார்ந்திருக்கும். வைரஸ் ஜலதோஷத்தின்போது சோதித்தால் அதுவும் 'ஆம்' என்றே காட்டும். அதனால் அறிகுறி இல்லாத அண்ணன் தங்கையையெல்லாம் கூட்டிப் போய்ச் சோதிக்க வேண்டியதில்லை.

உங்கள் பையனுக்கு மிச்சமுள்ள மாத்திரைகளைக் கொடுத்து முடியுங்கள். ஒரு வேளை விட்டுப் போனால் நினைவு வந்ததும் கொடுத்துவிட்டு வழக்கம்போலத் தொடரலாம், இரண்டு மடங்காகக் கொடுக்க வேண்டாம். முடிந்த பிறகு நன்றாக இருந்தால் திரும்பச் சோதிக்கத் தேவையில்லை. அடுத்த சில மாதங்களுக்குள் மூட்டு மாறி மாறி வீங்கினாலோ, கை கால் தானாகத் துடித்தாலோ, ஓடினால் மூச்சு வாங்கினாலோ, முகம் வீங்கிச் சிறுநீர் கறுத்தாலோ, மருத்துவரிடம் போகும்போது முதல் வாக்கியமாகவே "இவனுக்குச் சமீபத்தில் ஸ்ட்ரெப் தொண்டை வந்தது" என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்குக் கேட்கத் தோன்றாமல் போகலாம்.